பின்கால் எந்தப் பக்கம் பார்க்கட்டும்? குல்மார்க் போகும் பாண்டி சர்ஃபர்களுக்கு

செரெனிட்டி பீச்சில் சர்ஃப் பழகியவருக்கோ தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டியவருக்கோ குல்மார்க் பனியில் ஸ்னோபோர்டு ஓட்டும்போது எந்தக் காலை முன்னால் வைப்பது என்ற குழப்பம் இருக்காது. இடதுகால் முன்னால் என்றால் ரெகுலர், வலதுகால் என்றால் கூஃபி. அது இங்கேயே தெரிந்துவிடும். புதிதாக வருவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்தான். அலையில் பாதத்தை நினைத்தபோது நகர்த்தலாம். ஸ்னோபோர்டில் காலைப் பூட்டிவிட்டால் சரிவு முடியும்வரை அதே கோணம். வாடகைக் கடையில் ஏற்கெனவே முடுக்கியிருந்த கோணத்திலேயே விடுமுறை முழுக்க ஓட்டிவிட்டு, முட்டிவலியோடு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கணக்கு எளிது. பலகையின் நீளத்துக்குச் சரியாகக் குறுக்கே நிற்கும் பாதம் 0 பாகை. விரல்கள் முன்முனைப் பக்கம் திரும்பினால் பிளஸ், வால்பக்கம் திரும்பினால் மைனஸ். பெரும்பாலான பைண்டிங்குகளின் நடுத்தட்டில் 3 பாகைக்கு ஒரு கோடு இருக்கும். சாதாரண மெத்தென்ற பூட்ஸில் முன்கால் பெரும்பாலும் +12க்கும் +21க்கும் நடுவில்தான் வரும். அதில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் பின்காலில்.

டக் ஸ்டான்ஸ் (வாத்து நிலை) என்பது முன்கால் +15, பின்கால் -15 மாதிரி. இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்க்கும், இரண்டு முட்டியும் வெளிப்பக்கம் மடங்கும். கபடியில் ரைடரை மறிக்கக் காலை அகட்டி நிற்பவரின் உறுதி அதில் இருக்கிறது. குதித்து இறங்க, சுழல, எந்தக் கால் முன்னால் வந்தாலும் ஒரே மாதிரி ஓட்ட இதைவிட நல்ல நிலை இல்லை. பலகையைத் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் ஓட்டும் ஸ்கேட்டர்கள் இதையே எடுக்கட்டும், யோசிக்கவே வேண்டாம்.

சர்ஃபர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். சர்ஃபில் நம் இடுப்பும் தோளும் போகிற திசைக்குத் திறந்திருக்கும். பின்முட்டி முன்முட்டியை நோக்கி உள்ளே மடங்கும். அதே பழக்கத்தோடு டக் ஸ்டான்ஸில் ஏறினால் இடுப்பு முன்னே திரும்பப் பார்க்கும், பாதம் பின்னே இழுக்கும். நடுவில் முறுக்கு வாங்குவது முட்டி. மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகமாகப் பலகையின் விளிம்பில் சாய்ந்து வளையும்போது தெரியும்.

+18, +3 அல்லது +21, +6 என்று இரண்டு பாதத்தையும் முன்பக்கம் திருப்பினால் அந்த முறுக்கு குறைகிறது. பின்முட்டி பழகிய வழியிலேயே மடங்குகிறது, விளிம்பை ஆழமாக வெட்டி வளைய இடுப்பு ஒத்துழைக்கிறது. குல்மார்க்கில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இறங்குவது பெரும்பாலும் இயந்திரம் தட்டிச் சமன்செய்யாத பனியில். ஆழமான தூள்பனியில் முன்முனை புதையாமல் இருக்க, பைண்டிங் இரண்டையும் ஓரிரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி, பின்காலில் கொஞ்சம் கூடுதல் எடை வைக்க வேண்டும். அந்தக் கால் போகிற திசைக்கு மடங்குவதுதான் சர்ஃபருக்கு இயல்பு. (பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் மேலே ஏறாதீர்கள். கோணம் எதுவானாலும் அதற்குப் பதில் இல்லை.)

இதற்கு ஒரு விலை உண்டு. மாற்றுக்கால் முன்னால் வைத்து ஓட்டுவது கிட்டத்தட்டக் கைவிட்டுப்போகும். இன்னொன்று, பாதம் 0 பாகைக்கு நெருங்க நெருங்கப் பூட்ஸின் நுனியும் குதிகாலும் பலகைக்கு வெளியே அதிகம் நீளும். சாய்ந்து வளையும்போது அது பனியில் உரசி ஆளைத் தூக்கிப் போடும். பெரிய பாதக்காரர்கள் அகலப் பலகை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முன்கால் +24, பின்கால் +9 வரை திருப்பிப் பாருங்கள்.

+15, -6 என்ற நடுவழி எந்தப் பலகையிலும் நின்றிராதவருக்கு நல்ல தொடக்கம். முன்கால் 50 பாகைக்கு மேல் திரும்பும் ரேஸ் நிலை கெட்டியான பூட்ஸும் ஒடுங்கிய பலகையும் வைத்திருப்பவர்களுக்கு, நமக்கு வேண்டாம்.

ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலை நனைத்துக்கொண்டு டைல்ஸ் கோட்டுக்குக் குறுக்கே, ஓட்டும் நிலையில் குதித்து நில்லுங்கள். ஈரத்தடத்தைச் சாக்பீஸால் வரைந்து, பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியால் அளந்து பாருங்கள். பிறகு அந்தத் தடத்திலேயே நின்று முன்பக்கம் பார்த்தபடி நன்றாக உட்கார்ந்து எழுங்கள். முட்டி கால்விரல் திசையிலேயே போனால் கோணம் சரி. உள்ளே சரிந்தால் பின்காலை 3 பாகை முன்பக்கம் திருப்பி மறுபடி பாருங்கள்.

மலையில் மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒரு பாதம், 3 பாகை மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. 3-ம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் செக்-இன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இறக்கம் முடிந்ததும் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.