கும்பகோணத்தில் தூக்க ஆய்வும் அதனுடன் விற்கப்படும் சி.ஆர்.பி. பரிசோதனையும்

பாபநாசத்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் குறட்டையைவிட, அது நடுவில் சட்டென்று நின்றுபோகும் நேரமே அம்மாவைப் பயமுறுத்தி வந்தது. பகலில் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழத் தொடங்கிய பிறகுதான் அப்பா பரிசோதனைக்குச் சம்மதித்தார். கும்பகோணத்தில் ஒரு பரிசோதனை நிலையம் வீட்டுக்கே வந்து செய்யும் தூக்க ஆய்வையும், அதனுடன் விற்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பையும் பற்றியது இந்த மதிப்பீடு.

தூக்க ஆய்வு மிகவும் நிறைவாக இருந்தது. மாலையில் வந்த பணியாளர் மூக்கில் மெல்லிய குழாயும், மார்பில் பட்டையும், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியும் பொருத்திவிட்டு, இரவில் ஏதேனும் கழன்றால் எப்படி மாட்டுவது என்று அம்மாவுக்கு இரண்டு முறை பொறுமையாகச் செய்து காட்டினார். மணிக்குச் சராசரியாக 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போனதாக அறிக்கை வந்தது. 30 என்பதே தீவிர நிலையின் தொடக்கம்.

என் வருத்தம் ரத்தப் பரிசோதனையைப் பற்றியது. உறக்க மூச்சுத்தடையை ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பவைக்கும் விதத்தில் அதன் விளம்பரத் தாள் அமைந்திருக்கிறது. மூச்சு தடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதும், மூச்சு திரும்பியதும் ஏறுவதுமாக இரவெல்லாம் நடப்பது உடலில் அழற்சியைத் தூண்டுகிறது என்பது உண்மை. அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதமான இன்டர்லூக்கின்-6 கூடுகிறது, அது கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது; அதைத்தான் இந்த ரத்தப் பரிசோதனை அளக்கிறது. ஆனால் இன்டர்லூக்கின்-6 வயிற்றுக் கொழுப்பிலிருந்தும் வருகிறது. மூச்சுத்தடை உள்ளவர்களில் பலர் உடல் பருத்தவர்களாகவும் இருப்பதால், உயர்ந்த அளவுக்கு எது எவ்வளவு காரணம் என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது. ஈறு நோயும் புகைப்பழக்கமும்கூட அதை உயர்த்தும்.

அப்பாவுக்கு முந்தைய வாரம்தான் காய்ச்சல் வந்து போயிருந்தது. அதைக் கேட்காமலேயே ஆய்வு முடிந்த காலையில் ரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்று முடிவு வந்ததும், இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டதென்று வீடே கலங்கிப்போனது. தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த நுரையீரல் மருத்துவர், 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொன்னார். அப்போது 3.6 இருந்தது. அதுவும் சற்று அதிகம்தான், ஆனால் அதற்காக அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. தூக்க ஆய்வின் அறிக்கையை வைத்தே, தூங்கும்போது முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் பரிந்துரைத்தார்.

ஆகவே தூக்க ஆய்வை மட்டும் தயங்காமல் கேட்டுச் செய்துகொள்ளலாம். சி.ஆர்.பி.யும் வேண்டுமென்று மருத்துவர் சொன்னால், சிறு அளவையும் காட்டும் உயர் உணர்திறன் வகைதானா என்று கேட்டுவிட்டு, காய்ச்சலோ சளியோ முழுவதும் தணிந்த பிறகு ரத்தம் கொடுங்கள். நாங்கள் முறையிட்டபோது இரண்டாம் பரிசோதனைக்குப் பாதிக் கட்டணமே வாங்கினார்கள், அதற்கு நன்றி. அண்மையில் காய்ச்சல் இருந்ததா என்னும் கேள்வி மட்டும் அவர்களுடைய படிவத்தில் இன்னும் இடம்பெறவில்லை.