ஃபிரெண்ட்ஷிப் பீக்: எட்டுப் பேர், ஒரு கைடு குறைவு

நாமக்கல்லில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். வயது 47. வயதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இருபத்தைந்து வயதுப் பையன்கள். அவர்கள் "ஈஸி" என்று எழுதியிருப்பதை நம்பிப் போனால் முட்டி தேய்ந்துதான் திரும்பி வருவீர்கள்.

மே மாத விடுமுறையில், மணாலியில் உள்ள ஒரு மலையேற்ற நிறுவனத்தின் ஏழு நாள் திட்டத்தில் சேர்ந்து ஃபிரெண்ட்ஷிப் பீக் ஏறினேன். 5,289 மீட்டர். பீர் பஞ்சால் மலைத்தொடரில், சோலாங் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எந்த நிறுவனத்தில் பணம் கட்டினாலும் நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கட்டணம் 42,000 ரூபாய். மணாலியில் ஏற்றிக்கொண்டு மணாலியிலேயே இறக்கிவிடுவார்கள். ஈரோட்டிலிருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து ராத்திரி பஸ், இதெல்லாம் நம் செலவு. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு, பனி பூட்ஸ், கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), பனிக்கோடாரி, ஹார்னஸ் (கயிறு மாட்ட இடுப்பில் கட்டும் வார்), ஹெல்மெட் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். பையைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் நாளொன்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். "நான்கு பேருக்கு ஒரு கைடு, உச்சிக்குப் போகும் நாளில் கூடுதலாக ஒருவர்" என்று அவர்கள் அனுப்பிய தாளில் இருந்தது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சாப்பாடு பிரமாதம். சமையல்காரர் குல்லு பக்கத்து ஆள். 3,800 மீட்டருக்கு மேல், காற்றில் கூடாரம் படபடக்க, ராஜ்மா குக்கரில் எத்தனை விசில் என்று வீட்டில் எண்ணுவது போல எண்ணிக்கொண்டிருப்பார். நான் கொண்டுபோன பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இரண்டாம் நாளே பொதுச்சொத்து ஆகிவிட்டன. புனேக்காரர் ஒருவர் கிச்சடியில் பருப்புப் பொடியைக் கொட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய்யையும் விட்டுச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, இவர் போன பிறவியில் நாமக்கல்காரராக இருந்திருப்பார் என்றே நினைத்தேன்.

உபகரணங்கள் சுமார். என் கால் சைஸ் ஐந்து, அவர்களிடம் இருந்த மிகச் சிறிய பூட்ஸ் ஏழு. மூன்று சாக்ஸ் போட்டுச் சரிக்கட்டினேன். கிராம்பான் பூட்ஸில் சரியாக உட்காராமல் ஆடியது. கைடு கம்பி வைத்து முறுக்கிக் கட்டிக்கொடுத்தார். கம்பி கடைசிவரை தாங்கியது, ஆனால் அடியில் நூறு மீட்டர் பனிச்சரிவு இருக்கும்போது செருப்புக்கு ஊக்கு குத்தியது போன்ற ஏற்பாட்டை நம்பி நிற்பது சுகமான அனுபவம் இல்லை. மணாலியிலேயே பூட்ஸும் கிராம்பானும் சேர்த்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மேலே போனபின் மாற்றுக்கு எதுவும் கிடைக்காது.

அட்டல் சுரங்கத்தின் தெற்கு வாசல் இருக்கும் துண்டி வரை ஜீப். பனி பார்க்கிற அவசரத்தில் சுற்றுலாக் கார்கள் சுரங்கத்துக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் பக்கவாட்டில் இறங்கி நடந்தோம். பகர்தாச் புல்வெளியில் ஒரு ராத்திரி. அடுத்து லேடி லெக் கேம்ப். பியாஸ் நதி தொடங்கும் பியாஸ் குண்ட் இந்தப் பக்கம்தான். அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டுப் பேர். புனேயிலிருந்து ஒரே மலையேற்றக் கிளப்பைச் சேர்ந்த இருவர்: மூத்தவருக்கு 54 இருக்கும், இளையவர் அவர் சொன்னதைத் தட்டாதவர். கொல்கத்தாவிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, 61. கோழிக்கோட்டிலிருந்து எதைப் பார்த்தாலும் வீடியோ எடுக்கும் ஒரு பையன். டெல்லித் தம்பதி. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஓசூர்ப் பையன். அப்புறம் நான்.

ஓசூர்ப் பையன் ஜீப்பில் ஏறியதும் "ஆன்ட்டி, நீங்க பேஸ் கேம்ப் வரைக்கும்தானே?" என்றான். பதில் சொல்லவில்லை. வகுப்பில் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தேன், அதுவே போதும்.

முதல் சண்டை பையைப் பற்றி வந்தது. புனேக்காரர்கள் தங்கள் பையைத் தாங்களே சுமப்பார்கள். பதினெட்டு கிலோ. அடுத்தவர் முதுகில் ஏற்றிவிட்டு ஏறுவது ஏற்றமே இல்லை என்பது அவர்கள் கிளப்பில் எழுதாத சட்டம். கோழிக்கோட்டுப் பையன் மூன்று கேமரா சாமானோடு பையை ஹெல்பரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசி வந்தான். மூத்த புனேக்காரர் இதை அரை மணி நேரம் கிண்டல் செய்தார். கேட்டுக்கொண்டே வந்த ஹெல்பர், "சாப், எல்லோரும் உங்களைப் போல இருந்தால் இந்த சீசனில் நான் என்ன சாப்பிடுவது?" என்று சிரித்தபடி கேட்டார். புனேக்காரரிடம் பதில் இல்லை. ஆனால் மறுநாளும் பையைக் கொடுக்கவில்லை.

கொல்கத்தாக்காரருக்கு வேறு கணக்கு. 1960-இல் வங்காளத்திலிருந்து நந்தா குண்டி சிகரத்துக்குப் போன குழுவைப் பற்றி, தானே உடன் போனது போலப் பேசுவார். மலை என்றால் கிளப், கொடி, பாட்டு, முதல் நாள் சம்பளம் வாங்கிய ஆள் சந்தா கட்டுவது, எல்லாம் சேர்ந்தது அவருக்கு. ஓசூர்ப் பையனுக்கு மலை என்றால் கைக்கடிகாரத்தில் ஏறும் எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் ஏறினோம் என்று ராத்திரி சாப்பாட்டின்போது அறிவிப்பான். யாரும் கேட்பதில்லை.

பயிற்சி நாள் அருமை. இதற்கு மட்டும் முழு மதிப்பெண் போடுவேன். தலைமைக் கைடு அவசரமே இல்லாமல், சறுக்கினால் கோடாரியைக் குத்திக் கவிழ்ந்து நிற்பது எப்படி என்று ஒவ்வொருவரையும் பத்துத் தடவை சறுக்க வைத்தார். ஐந்தாவது தடவையிலிருந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சறுக்குமரத்தில் நான் ஏறியதே இல்லை. பிறகு கயிறு, அதாவது சிலர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு சேர்ந்து நடப்பது. உத்தரகாசியில் அடிப்படை மலையேற்றப் படிப்பு முடித்திருந்த மூத்த புனேக்காரர் தன் பங்குக்கு, உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2-வில் நடந்த கதை சொன்னார். 1953-இல் நோய்ப்பட்ட ஆர்ட் கில்கியை அமெரிக்கக் குழு கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வழுக்க, கயிறுகள் சிக்கிக்கொண்டு மற்றவர்களையும் இழுத்துப் போக, பீட் ஷோனிங் பாறைக்குப் பின்னால் குத்தியிருந்த ஒற்றைக் கோடாரியின் பலத்தில் அத்தனை பேரையும் பிடித்து நிறுத்தினார். "கயிற்றில் கட்டிக்கொண்டால் சொந்தக்காரர்கள் மாதிரி" என்றார் புனேக்காரர். "சொந்தக்காரங்களோட ஏன் சார் மலைக்கு வரணும்?" என்று ஓசூர்ப் பையன் கேட்டது எனக்கு மட்டும்தான் புரிந்தது. சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு "அக்கா".

அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடாரத்தில் பேச்சு 2006 எவரெஸ்டுக்குப் போனது. டேவிட் ஷார்ப் வடக்குப் பக்கப் பாதையில் உயிருக்குப் போராடிக் கிடக்க, அவரைத் தாண்டிப் பலர் ஏறிப்போன சீசன் அது. அதே மாதத்தில்தான் டான் மேசூரின் குழு உச்சிக்குக் கொஞ்ச தூரத்தில், இறந்துவிட்டார் என்று விடப்பட்ட லிங்கன் ஹால் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏற்றத்தைக் கைவிட்டு அவரோடு இருந்தது. ஓசூர்ப் பையன் பிடிவாதமாக வாதாடினான்: அந்த உயரத்தில் ஒருவரைத் தூக்கி வர முடியாது, தாண்டிப் போனவர்களைக் கீழே உட்கார்ந்து குறை சொல்வது சுலபம். மூத்த புனேக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். பையன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்று எனக்குப் பட்டது. சொல்லவில்லை.

இதற்குள் டெல்லிப் பெண்ணுக்குத் தலைவலி, வாந்தி. தம்பதி இருவரும் கேம்ப்பிலேயே நின்றுகொண்டார்கள். கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மேல் கேம்ப்பில்தான் விஷயம் தெரிந்தது. கூடுதல் கைடு வரவில்லை. பின்னால் வரும் இன்னொரு குழுவுக்கு ஆள் பற்றாமல் அவரை அங்கே அனுப்பிவிட்டார்களாம். தலைமைக் கைடு இதைச் சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆறு பேருக்கு இரண்டு கைடு, ஒரு ஹெல்பர். கணக்குக்குச் சரியாகத்தான் தெரிந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும்தான்.

ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், சரிவும் நம்பகமில்லாமல் போகும், அதனால் இருட்டிலேயே ஏறிவிட வேண்டும். முதல் கயிற்றில் தலைமைக் கைடு, புனேக்காரர்கள், கோழிக்கோட்டுப் பையன். இரண்டாவதில் இளைய கைடு, கொல்கத்தாக்காரர், நான், ஓசூர்ப் பையன். ஹெல்பர் கடைசியில். கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகளை நான்கு மாதம் ஏறி இறங்கிப் பழகியிருந்தேன். படி என்பது எவ்வளவு சொகுசான கண்டுபிடிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பாடப்புத்தகத்தில் பத்து வருடமாக நடத்துகிற விஷயம், ஒவ்வொரு நான்கு அடிக்கும் நுரையீரலில் எழுதிக் காட்டியது.

நாலரை மணி வாக்கில் கொல்கத்தாக்காரர் தடுமாறத் தொடங்கினார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். தலைமைக் கைடு இறங்கி வந்து, கொஞ்சம் சமமான இடத்தில் குதிகாலை மற்ற காலின் விரலில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தார். மூளையை உயரம் தாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. உடனே கீழே இறக்கியாக வேண்டும்.

கைடு ஒருவர் அவரோடு இறங்கினால் ஒரு கயிறு முழுவதும் இறங்க வேண்டும். அதாவது நாங்கள். ஓசூர்ப் பையன் பொறுக்கவில்லை. "ஹெல்பரோட அனுப்பலாம்ல? நான் லீவு போட்டு, காசு கட்டி வந்திருக்கேன்க்கா" என்றான். ஹெல்பர் ஒருவரால் மட்டும் அவரைக் கயிற்றில் பிடித்து இறக்க முடியாது என்று கைடு சொன்னார். ஐந்து நிமிடம் குளிரில் அசிங்கமான வாக்குவாதம். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசாமல் நின்றதே ஒரு பக்கம்தான், அது எனக்குத் தெரியும்.

அப்போது வேறு கயிற்றில் இருந்த மூத்த புனேக்காரர் தன்னைக் கயிற்றோடு இணைத்திருந்த காராபினர் கொக்கியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தார். "நானும் ஹெல்பரும் கூட்டிப் போகிறோம். இறங்குவது எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். கைடு அவர் கட்டிய முடிச்சுகளை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அரை மனதாகத் தலையாட்டினார். இளைய புனேக்காரர் கூடவே இறங்கப் பார்த்தார். மூத்தவர் மராத்தியில் ஏதோ திட்டி மேலே அனுப்பினார். ஹெட்லைட் வெளிச்சம் மூன்றும் கீழே போவதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டு ஐம்பதுக்கு உச்சி. ஹனுமான் திப்பா சிகரம் பக்கத்துத் தெரு வீடு போல நின்றது. கிழக்கே தேவ் திப்பா, இந்திராசன். ஓசூர்ப் பையன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. இறங்கும்போது என் கிராம்பான் கம்பி தளர்ந்து இரண்டு முறை சறுக்கினேன். இரண்டு முறையும் பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தவன் அவன்தான். பனி இளகி இடுப்பளவு புதைந்த இடத்திலும் என் வேகத்துக்கே நடந்தான், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. காலையில் வாதாடியவனும் இவனும் ஒரே ஆள்தானா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

கொல்கத்தாக்காரர் கீழே இறங்கியதும் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் கோபம். தன்னால் ஏறியிருக்க முடியும், அனாவசியமாக இறக்கிவிட்டார்கள் என்று மணாலி வரை மூத்த புனேக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புனேக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பருப்புப் பொடி மிச்சம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது மதிப்பெண். கைடுகள், ஹெல்பர், சமையல்காரர்: ஐந்துக்கு ஐந்து. உபகரணம்: இரண்டரை. நிறுவனம்: ஒன்றரை. தாளில் எழுதிய அந்த மூன்றாவது கைடு வந்திருந்தால் அந்த ஐந்து நிமிட வாக்குவாதமே நடந்திருக்காது, பணம் கட்டி வந்த ஒருவர் கைடு வேலை பார்க்க வேண்டியும் இருந்திருக்காது. இதைச் சொன்னபோது அலுவலகத்தில் இருந்தவர், "ஆனால் எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டீர்களே மேடம்" என்றார். பணம் கட்டும் முன் கேளுங்கள்: உச்சி நாளில் ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்கப்போகும் கைடு யார்? எண்ணிக்கை வேண்டாம், ஆளைக் காட்டச் சொல்லுங்கள்.

உச்சியில் எடுத்த படத்தைத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஏறிய நான்கு பேரும் இரண்டு கைடுகளும் இருக்கிறோம். கீழே "முழுக் குழுவும் உச்சியில்!" என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்தி, இறங்கிப் போனவர்களையும் குறிப்பிடும்படி இரண்டு முறை செய்தி அனுப்பினேன். இரண்டு முறையும் கட்டை விரல் காட்டினார்கள். வரி அப்படியே இருக்கிறது.