சாம்பிளில் அசல் தோல், பார்சலில் அரைத்து ஒட்டிய தோல்: கௌபாய் பாணிப் பை தைப்பவர்கள் கவனிக்கவும்

குஞ்சம் தொங்கும் தோள்பை, கான்ச்சோ வில்லை பதித்த பெல்ட், பூவேலை அச்சடித்த பர்ஸ் என்று கௌபாய் பாணியில் கையால் செய்பவர்கள் ஆன்லைனில் தோல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை, எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் சாம்பிள் கேட்டேன். உள்ளங்கை அளவுத் துண்டுகள் வந்தன, அருமையான தோல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், நாம் வெஜ் டான் என்று சொல்வோமே அதுதான். தண்ணீர் தடவியதும் நிறம் கறுத்தது, அச்சை வைத்துத் தட்டினால் பதிந்து அப்படியே நின்றது. குஞ்சத்துக்கான ஸ்வேட், அதாவது உள்பக்கத்தைத் தேய்த்து மென்மையாக்கிய தோல், அந்தத் துண்டும் மெத்தென்று இருந்தது. அதை நம்பித்தான் மொத்தமாக ஆர்டர் போட்டேன், கூடவே கான்ச்சோக்களும், டர்க்காய்ஸ் என்று சொன்ன நீலக் கற்களும்.

பார்சல் வந்தது. மேலாகப் பார்த்தால் அதே நிறம், அதே வழவழப்பு. ஆனால் ஒரு துண்டில்கூட மாட்டுத்தோலின் ஒழுங்கற்ற ஓரம் இல்லை, எல்லாம் ஸ்கேல் வைத்து வெட்டிய சதுரங்கள். கேட்டதற்கு, அனுப்ப வசதியாக வெட்டினோம் என்று பதில். குஞ்சம் வெட்ட ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது. நல்ல ஸ்வேட்டை 4 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறினாலும் இழுத்தால் கொஞ்சம் நீளும், லேசில் அறாது. இதை விரலில் சுற்றி இழுத்த மாத்திரத்தில் பொட்டென்று போனது, அறுந்த இடத்தில் நீளமான நாரே இல்லை, அட்டைத்தூள் மாதிரி உதிர்ந்தது. தையல் அதைவிட மோசம். தோலுக்கான ஊசி போட்டு, தோலில் விழுந்த துளை மூடாது என்பதால் துளைகள் நெருங்காதபடி தையல் நீளத்தை 3.5 மில்லிமீட்டருக்கு வைத்துத்தான் தைத்தேன், அப்படியும் பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்ததும் தையல் வரி நெடுகக் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

அது பாண்டட் லெதர். கழிவுத் தோலை அரைத்து, பசையோடு கலந்து தகடாக்கி, மேலே பாலியூரித்தேன் பூசி, தோலின் ரேகையை அச்சாக அழுத்திவிடுவார்கள். தண்ணீரை உள்ளே இழுக்காது, அதனால் பூவேலை அச்சு பதியாது. நாளாக ஆகப் பூச்சு தோல் உரிவதுபோல உரியும். உள்ளே கொஞ்சம் தோல் இருக்கிறதாம், அந்தத் தைரியத்தில் 'ஜெனுயின் லெதர்' என்று போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவில் 1996-ல் வந்த வணிக வழிகாட்டு நெறிகளே இதைத் தோல் என்று சொல்லக் கூடாது என்கின்றன, பாண்டட் லெதர் என்று குறிப்பிட்டாலும் தோல் நார் எத்தனை சதவீதம் என்று சொல்லியாக வேண்டும்.

அப்புறம் கான்ச்சோ. வெள்ளி, அமெரிக்கப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களின் கைவேலை என்று விளம்பரம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது! வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, வெள்ளி மாதிரித் தெரியும் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம்கூட ஒட்டாது, ஆக இது முலாம் பூசிய இரும்பு. எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் செய்துவரும் வேலை அது. பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990-ம் வருடச் சட்டப்படி குற்றம். கற்களும் அப்படியே, அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் நீலம் பஞ்சில் ஏறியது, அடியில் வெள்ளைக் கல். ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றி இப்படி விற்பது வழக்கம்தான். ஆனால் ஒன்று, சாயம் வரவில்லை என்பதாலேயே கல் அசல் என்று ஆகிவிடாது.

புகார் செய்தேன். இயற்கைத் தோல் என்றால் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் இருக்கும் என்றார்கள். அறுந்த குஞ்சத்தின் படம் அனுப்பியதும் பேச்சு மாறியது, வெட்டிய சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோமாம்.

அதனால் கத்தி வைக்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். வெட்டு விளிம்பை லென்ஸில் பாருங்கள், அசல் தோலில் நார்கள் பின்னிக் கிடக்கும், பாண்டட் லெதரில் மேலே பிளாஸ்டிக் படலம் தனியாகத் தெரியும். பின்பக்கம் துணி ஒட்டியிருந்தாலோ, எல்லா இடமும் ஒரே மாதிரி சீராக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். பார்சல் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், மூலையில் மட்டும் மெல்லிய கீற்று வெட்டி இழுத்துப் பாருங்கள். பில்லில் வெறும் 'லெதர்' என்றிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஃபுல் கிரெயின் (மேல்பரப்பைத் தேய்க்காத முழுத் தோல்), வெஜ் டான், தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். அவுன்ஸில் சொன்னால் ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர். சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள், இப்போது என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கார்டு நிறுவனத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. ஆர்டர் தந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தச் சரக்கில் ஒரு பைகூட வெளியே போகாது. அந்த விற்பனையாளரின் அதே படங்கள் இப்போது வேறொரு கடைப்பெயரில் ஓடுகின்றன, அதனால் பெயரை மட்டும் பார்த்து நம்பாமல் படங்களையும் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.