ஐடிஆர்-4ஆ, ஐடிஆர்-3ஆ? ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கு எது தோது

பெரம்பூரில் வீட்டிலிருந்தே கோடிங் செய்பவரோ, வண்ணாரப்பேட்டையில் கட்டட பிளான் போடும் இன்ஜினியரோ, பில் போட்டுப் பணம் வாங்குகிற எவருக்கும் வருஷா வருஷம் வரும் குழப்பம் இது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவம் போடுவதா, கணக்கெழுதி நிஜ லாபத்தை ஐடிஆர்-3-இல் காட்டுவதா? என் ஓட்டு ஐடிஆர்-4-க்கு. (கணக்கு 2025-26 நிதியாண்டுக்கு, பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை.)

ஐடிஆர்-4 சுருக்கமானது, அட்வான்ஸ் டாக்ஸ் மார்ச் 15-இல் ஒரே தவணை என்பதெல்லாம் தெரிந்ததுதான். முடிவு செய்வது 12 லட்சம் வருமானம் என்ற கோடு. புதிய வரிமுறையில் அதுவரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடியால் வரி இல்லை. பாதிதான் லாபம் என்பதால், வேறு வருமானம் இல்லாதவருக்கு 24 லட்சம் வரவு வரை வரி பூஜ்யம். (20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தனிக் கதை.)

18 லட்சம் வாங்கும் கோடிங்காரரை எடுத்துக்கொள்வோம். நெட், கரண்ட் பில்லில் ஒரு பங்கு, சாஃப்ட்வேர் சந்தா, 80,000 ரூபாய் லேப்டாப்புக்கு 40 சதவீதத் தேய்மானம் 32,000. இழுத்துப் பிடித்தாலும் செலவு 2 லட்சத்தைத் தாண்டாது. ஐடிஆர்-3-இல் லாபம் 16 லட்சம். செஸ்ஸோடு வரி 1,24,800. ஐடிஆர்-4-இல் லாபம் 9 லட்சம், வரி இல்லை. பணம் தருபவர் முன்கூட்டியே 10 சதவீதம் பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், 1,80,000 முழுசாகத் திரும்பும்.

ஆள் வைத்து வேலை வாங்கும் இன்ஜினியர், "எனக்குச் செலவே 70 சதவீதம்" என்பார். அதே 18 லட்சத்தில் அவர் லாபம் 5.4 லட்சம். பாதிக்குக் கீழே காட்டி, மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஐடிஆர்-4-இலும் அவருக்கு வரி பூஜ்யம்தானே? வராத வரியை மிச்சம் பிடிக்க ஆடிட்டருக்கு ஏன் ஃபீஸ் கட்ட வேண்டும்? வரவு 24 லட்சத்தை நன்றாகத் தாண்டி, செலவும் பாதிக்கு மேல் போனால்தான் ஐடிஆர்-3 கணக்குக்கு வேலை. ஹோம் லோன் கேட்கப் போகிறவர் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். பேங்க் பார்ப்பது ரிட்டர்னில் காட்டிய லாபத்தை.

பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வர்த்தக நஷ்டம், கம்பெனி டைரக்டர் பதவி, வெளிநாட்டு பேங்க் கணக்கு இருந்தால் ஐடிஆர்-4 கிடையாது. பதற வேண்டாம், ஐடிஆர்-3-க்குள்ளேயே 44ஏடிஏ-வுக்குக் கட்டம் இருக்கிறது.

இந்தப் பிரிவு டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஐடி போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும். மொழிபெயர்ப்பாளர், யூடியூபர் விஷயத்தில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, கேட்டுவிட்டுப் போடுங்கள். காசிமேட்டு மீன் ஏலக் கமிஷன், ஹார்பர் சரக்குக் கமிஷன் போன்றவற்றுக்கு வியாபாரிகளுக்கான 44ஏடி-யும் பொருந்தாது. கணக்கெழுதி ஐடிஆர்-3 போடுவதுதான் வழி.

எந்தப் படிவமானாலும் பலர் சறுக்கும் இடம் ஒன்று. 60,000 பில்லுக்கு 6,000 பிடித்து 54,000 கணக்கில் ஏறியிருக்கும். வரவுக் கட்டத்தில் 54,000 போடுவார்கள். வருமான வரித் துறை வைத்திருக்கும் உங்கள் வரவுப் பட்டியலான ஏஐஎஸ்ஸில் 60,000 நிற்கும், பொருந்தாமல் நோட்டீஸ் வரும். 60,000 என்றே போட்டு, பிடித்த 6,000-ஐ டிடிஎஸ் பகுதியில் காட்டுங்கள்.