டிரம் செட்டில் ஒரு டாம்பரின்: நீண்ட நாள் வாசித்த பிறகு

டிரம் செட்டோடு டாம்பரினை, அதாவது வளையச் சட்டத்தில் சிறு உலோகத் தகடுகள் சலசலக்கும் கைவாத்தியத்தை, பொருத்தலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேண்டாத நேரத்தில் அதன் வாயை எப்படி அடைக்கப் போகிறீர்கள்? தகடு பித்தளையா எஃகா, சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக வெவ்வேறு இடங்களில் மாட்டியும் கழற்றியும் வாசித்ததில், எந்த இடம் நன்றாக ஒலிக்கிறது என்பதைவிட எந்த இடத்தில் அது சும்மா இருக்கிறது என்பதை வைத்தே என் தீர்ப்புகள் அமைந்திருக்கின்றன.

பெரும்பாலோர் தொடங்கும் இடம் ஹை-ஹாட், அதாவது பெடலை மிதித்தால் ஒன்றன்மீது ஒன்று மூடிக்கொள்ளும் இரண்டு சிம்பல்கள். அதன் நடுக் கம்பியில், மேல் சிம்பலைக் கவ்விப் பிடிக்கும் கிளட்சுக்கு மேலே, ஒரு சிறிய டாம்பரினைத் திருகி முடுக்கிவிட்டால் போதும். கைகள் இரண்டும் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்க, இடது கால் மிதிக்கும்போதெல்லாம் தகடுகள் குலுங்கும். நான்கு தட்டுகள் கொண்ட தாள வரியில் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் காலை மட்டும் வைத்து, வலது கையை ரைடு என்ற பெரிய சிம்பலுக்குக் கொண்டுபோனால், பக்கத்தில் இன்னொருவர் நின்று டாம்பரின் வாசிப்பதுபோலவே இருக்கும். சிறிய குழுவில் வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

சிக்கல் எங்கே என்றால், கால் மேலே வரும்போது. பெடலை மிதித்ததும் வருகிற ‘சிக்’ நாம் கேட்டு வாங்கிய ஒலி. காலைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் கம்பியை மேலே தள்ளி நிறுத்துகிறது. கம்பி நின்றாலும் தகடுகள் நிற்பதில்லை, சட்டத்தில் போய் மோதி மெல்லிய ‘சில்’ ஒன்றைப் போடுகின்றன. அது எங்கே விழும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மெதுவான பாடலில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தத்தளித்துக்கொண்டு அது கேட்கும்போது, இத்தனை நாளாக நம் இடது கால் எவ்வளவு சோம்பேறியாக இருந்தது என்று புரிகிறது. ஹை-ஹாட் மட்டும் இருந்தவரை காலின் ஏற்றத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது ஊருக்கே கேட்கிறது. குதிகாலைப் பெடலில் பதித்து, முன்பாதத்தை மெல்லப் பிரித்தெடுக்கப் பழகினால் பாதி அடங்கும். அல்லது ஏற்றத்தையும் தாளத்தின் அங்கமாக்கி, அரைத் தட்டில் சரியாக விழும்படி தூக்கப் பழகலாம். இந்த இரண்டாவது பயிற்சி டாம்பரினைக் கழற்றிய பிறகும் என் காலில் தங்கிவிட்டது. அதை வருமானக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

ஆனால் மூடிய ஹை-ஹாட்டைக் குச்சியால் வாசிக்கும்போது இந்த அமைப்புக்கு மருந்தே கிடையாது. ஒவ்வோர் அடியின் அதிர்வும் கம்பி வழியே ஏறித் தகடுகளைச் சீண்டும். வரிக்கு எட்டு அடிகள் என்றால் எட்டிலும் ஒரு சீறல். முதல் பாடலில் இனிமையாகத் தோன்றுவது, மூன்றாவது பாடலுக்குள் கொசுவின் ரீங்காரம் ஆகிவிடும். ஹை-ஹாட்டின் மேல் சிம்பல் மீதே உட்காரும், தகடுகள் கோத்த ‘சிங் ரிங்’ என்ற சிறு வளையமும் இந்தக் குடும்பம்தான். அதன் ஒலி இன்னும் வறண்டது, நீளாது. நெருக்கமான, வேகமான தாளங்களுக்குப் பொருந்தும். பதிலுக்கு அது சிம்பலின் முழக்கத்தையும் கொஞ்சம் விழுங்கும். நல்ல சிம்பல் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் கடைசியாக நிலைத்த இடம் தனிக் கம்பி. சிம்பல் ஸ்டாண்டில் ஒரு கிளாம்ப், அதில் 3/8 அங்குலக் கம்பி, அதன் நுனியில் பிறை வடிவ டாம்பரின். குச்சியடியைத் தாங்கவென்றே கனத்த பிளாஸ்டிக்கில், கம்பியைக் கவ்வும் திருகோடு செய்யப்பட்டவை கிடைக்கின்றன. எல்பி என்ற தாளவாத்திய நிறுவனத்தின் சைக்ளாப்ஸ் அந்த ரகம். கையில் பிடித்து வாசிக்கும் மரச் சட்டத்தைக் கொண்டுவந்து இங்கே மாட்டாதீர்கள். விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்; தோல் இருந்தால் அது இன்னும் முன்னதாகப் போய்விடும்.

உயரத்தைச் சரி செய்யத்தான் எனக்கு நெடுநாள் பிடித்தது. ஹை-ஹாட்டுக்கும் முதல் டாம் டிரம்முக்கும் நடுவே, ஹை-ஹாட் சிம்பலைவிட ஒரு விரற்கடை உயரத்தில், விளிம்பு என்னை நோக்கிச் சற்றே சரிந்தபடி வைத்திருக்கிறேன். இந்தச் சரிவு முக்கியம். கிடையாக இருந்தால் குச்சியின் நுனி பட்டு, வெறும் பிளாஸ்டிக் ‘டக்’ என்றுதான் கேட்கும். சரித்து வைத்தால் குச்சியின் தோள், அதாவது நுனியை நோக்கி மெலியத் தொடங்கும் பகுதி, விளிம்பில் விழும். அப்போதுதான் சட்டம் முழுவதும் ஓர் உதறல் உதறித் தகடுகள் ஒரே சமயத்தில் திறக்கின்றன. இதற்குக் கொடுக்கும் விலை குச்சிகள். தோள் பகுதி அரித்துக்கொண்டே போகும், தரையெல்லாம் மரத்தூள். டாம்பரினுக்கென்று பழைய குச்சி ஒன்றை ஒதுக்கி வைக்கலாமே என்று சொல்பவர்கள், பாடலின் நடுவே குச்சி மாற்றிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

மாட்டிய டாம்பரின் பாதி டாம்பரின்தான், இதைச் சொல்லியாக வேண்டும். கையில் இருக்கும்போது அதற்கு இரண்டு வேலை: குலுக்கல், அடி. நான்கு தட்டு வரியில் பதினாறு குலுக்கல்களை நிற்காமல் ஓடவிட்டு, இரண்டிலும் நான்கிலும் உள்ளங்கையில் அறைந்தால், தாளம் தானாக நடக்கத் தொடங்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைப்பதிவு நிறுவனத்தின் 1960களின் ஒலிப்பதிவுகளில் ஜாக் ஆஷ்ஃபோர்டின் டாம்பரின் தரும் உந்துதலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கிளாம்பில் மாட்டியதும் குலுக்கல் போய்விடுகிறது, அடி மட்டும் மிச்சம். அதே பதினாறையும் குச்சியால் அடித்தால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கிறது. ஆகவே மாட்டியதில் நான் குறைவாகவே வாசிக்கிறேன்: ஸ்னேர் டிரம்மோடு சேர்த்து இரண்டிலும் நான்கிலும், அல்லது பல்லவி இரண்டாம் முறை வரும்போது ஹை-ஹாட்டுக்குப் பதிலாக வரியின் நான்கு தட்டுகளிலும். குலுக்கல்தான் வேண்டுமென்றால் வலது கையில் டாம்பரினையே எடுத்துக்கொண்டு, இடது கையையும் பேஸ் டிரம்மையும் வைத்து ஒப்பேற்றிவிடுவேன். அந்தக் கையால், தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமை டாம்பரினைக் கொண்டே அடித்துப் பாருங்கள். கீழே கனத்த ‘தொம்’, மேலே ‘சல்’, இரண்டும் ஒரே அடியில். செட்டில் எனக்கு மிகப் பிடித்த ஒலிகளில் அதுவும் ஒன்று.

உலோகத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: மேடையில் எஃகு, ஒலிப்பதிவில் பித்தளை. எஃகுத் தகடு கூர்மையாகக் குத்தும், கிதார்களின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதே கூர்மை ஒலிப்பதிவில் சனி. டாம்பரினின் ஓசை உயர் அலைவரிசைகளில் குவிகிறது. பாடகரின் ஸகர, ஷகர ஒலிகள் சீறும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் அதற்குள் அடங்கும். தலைக்கு மேல் தொங்கும் மைக்குகள் இதை ஆசையாக வாரிக்கொள்ளும், ஸ்னேர் மைக்கிலும் ஒழுகும். பிறகு ஒலிக்கலவை செய்பவர் டாம்பரினைக் குறைக்கப் போனால் சிம்பல்களும் சேர்ந்தே மங்கும். பித்தளையின் ஒலி சற்றுத் தாழ்ந்து, இருண்டு இருப்பதால் இந்த மோதல் குறைகிறது. தனியாகப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னால் வாதாடாதீர்கள்; அவர் சொல்வது சரி.

ஸ்னேர் மீது டாம்பரினைக் கிடத்தி அடிப்பதையும் கொஞ்ச காலம் செய்தேன். மெதுவான பாடல்களில் தடித்த, குட்டையான ஒலி கிடைக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் நகர்ந்துகொண்டே போகும், பாடலின் நடுவில் எடுத்து வைக்கக் கை இருக்காது. முழுப் பாடலுக்கும் அதே ஒலி போதும் என்றால் மட்டும் சரி.

காலுக்கென்றே வரும் வார் டாம்பரின், கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவர்களுக்கு அருமையான சாதனம். டிரம்ஸ் வாசிப்பவரின் கால்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. இன்னொரு வழி, கஹாத்தே பிராக்கெட் எனப்படும் தாங்கியில் டாம்பரினைத் தரையருகே நிறுத்தி, ஹை-ஹாட் பெடலுக்குப் பக்கத்தில் இன்னொரு பேஸ் டிரம் பெடலை வைத்து அடிப்பது. குதிகால் ஒன்றில், விரல்கள் மற்றொன்றில் என்று விளையாடும் திறமைசாலிகள் உண்டு. எனக்கு அது காட்டும் ஆசைக்கும் கொடுக்கும் பலனுக்கும் ஒத்துவரவில்லை.

பராமரிப்பு சொற்பம், ஆனால் உண்டு. தகடுகளைத் தாங்கும் ஊசிகள் நாளாவட்டத்தில் தளரும். முதலில் ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிடக் கரகரப்பாகப் பேசத் தொடங்கும், அதுவே அறிகுறி. ஊசியை உள்ளே தட்டிவிட்டு, வெளியே வராதபடி ஒரு சுற்று டேப் ஒட்டினால் அந்தப் பருவம் தாண்டும். கிளாம்பின் திருகை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் முடுக்க வேண்டும், அது தளர்ந்தால் அடிவாங்கிய டாம்பரின் மெல்லச் சுழன்று முதுகைக் காட்டிவிடும். இனி வாயடைப்பு: விளிம்போடு ஒரு துணிப்பட்டையைத் தைத்து வைத்திருக்கிறேன், இரு முனையிலும் வெல்க்ரோ. மென்மையான பாடல் வந்தால் தகடுகளின் மேல் சுற்றிவிடுவேன். பேஸ் டிரம்மை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அது முணுமுணுப்பதில்லை.