சார்ஜர் முனையில் இருக்கும் அந்த ஊசி

என்னிடம் இருக்கும் அதே மாடல் லேப்டாப்பை வேறொருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பன் கேட்டிருக்கிறான். 15.6 அங்குலம், எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசசர். மற்ற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் தொல்லை ஒரே கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதன் கீபோர்டு மாதிரி இன்னொன்றில் நான் டைப் செய்ததில்லை. இத்தனை வருடம் கழித்தும் ஒரு பட்டன் தளரவில்லை, திரையின் கீல் ஆடவில்லை. அடிமூடியைக் கழற்ற சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போதும். ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாமே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. உழைக்கிற மெஷின் இது, சந்தேகமே வேண்டாம்.

பிரச்சினை சார்ஜர்.

இதன் சார்ஜர் முனையைப் பார்த்தால், உருண்டையான குழாய்க்குள் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். லேப்டாப் ஓடுவதற்கான கரண்ட் அதில் வருவதில்லை. வெளி வளையம் நெகட்டிவ், உள் வளையம் பாசிட்டிவ், இரண்டுக்கும் இடையே 19.5 வோல்ட். ஊசிக்கு ஒரே வேலைதான்: அடாப்டருக்குள் இருக்கும் சிறு சிப்பிடமிருந்து அது எத்தனை வாட் என்ற தகவலை லேப்டாப்புக்குக் கொண்டுவருவது. தகவல் வராவிட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. போதாததற்கு ப்ராசசரின் வேகத்தையும் பிடித்து இழுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே படுத்துக் கிடக்கும். ஒரு எக்செல் ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அந்த ஊசிக்குப் போகும் வயர் தலைமுடி மாதிரி மெல்லியது. முனையை ஒட்டி வயர் வளைகிற இடத்தில் அதுதான் முதலில் அறுந்துபோகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடாப்டரில் விளக்கு எரியும், மல்டிமீட்டர் வைத்தால் 19.5 காட்டும், லேப்டாப்பும் ஆன் ஆகும். விண்டோஸ் மட்டும் "ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங்" என்று சொல்லும். இதைப் பார்க்கிற யாரும் பேட்டரி போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். சர்வீஸ் சென்டரிலும் எனக்கு அதையேதான் சொன்னார்கள். பேட்டரி மாற்றச் சொன்னார்கள், அப்புறம் மதர்போர்டாகவும் இருக்கலாம் என்றார்கள். ஆன் செய்யும்போதே அடாப்டர் வகை தெரியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வருகிறது, அதை ஒருவரும் படிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான்.

பேட்டரி உண்மையில் எப்படி இருந்தது என்பதையும் சொல்கிறேன். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க வழி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துக் கொடுத்தால் ஒரு பக்கம் உருவாகும். டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 42,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுக்க ஏற்றினால் பிடிப்பது) 30,500 மில்லிவாட்-அவர் என்று எனக்குக் காட்டியது. நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை வருடம் சென்னை வெயிலில் ஓடிய லித்தியம் பேட்டரிக்கு இது நல்ல மதிப்பெண். இதைத்தான் தூக்கிப் போடச் சொன்னார்கள். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற செட்டிங்ஸ் பக்கம்) 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்திருப்பதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். முழுக்க ஏற்றிய நிலையிலேயே, அதுவும் சூட்டில், கிடந்தால் இந்த வகை பேட்டரி சீக்கிரம் தேயும்.

கம்பெனி பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. 90 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் அடாப்டரைச் செருகினால் அடாப்டர் சூடேறும், கருகவும் கூடும். வாட் தெரியாமல் இழுக்காதே என்பது பாதுகாப்பான முடிவுதான். ஆனால் யூஎஸ்பி-சியிலும் இதே பேச்சுவார்த்தை நடக்கிறதே! சார்ஜர் தன்னால் எவ்வளவு தரமுடியும் என்று சொல்கிறது, லேப்டாப் அதற்குள் கேட்டு வாங்குகிறது. அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை என்பதால் யாருடைய சார்ஜரையும் செருகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்களுக்கு யூஎஸ்பி-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியதும் இந்த அவஸ்தைக்காகத்தான். என் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கிறது, அது வழியாக சார்ஜ் மட்டும் ஏறாது. இதை எப்படி மன்னிப்பது?

மாற்று அடாப்டருக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவுக்குப் போனேன். முனை பொருந்துகிறது, வோல்ட் சரி என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. சிப் இல்லாத டூப்ளிகேட்டை மாட்டினால் அதே எச்சரிக்கைதான் திரும்பவும் வரும். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, சதவீதம் ஒன்றாவது ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். அடாப்டர் மேல் பிஐஎஸ் (இந்தியத் தரநிலை அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். மாட்டிய உடனே வேகம் திரும்பி வந்தது, பேட்டரியும் ஏறியது. புது பேட்டரிக்குக் கேட்ட தொகையோடு பார்த்தால் செலவு ரொம்பக் குறைவு.

சரி, முடிவு? வாங்காதே. கீபோர்டு அருமை, உழைப்பு அருமை, நான் இதை விற்கப்போவதில்லை, இன்னும் பல வருடம் வைத்திருப்பேன். இருந்தாலும் புதிதாகப் பணம் போடுகிறவன் இந்த ஊசியை நம்பிப் போடவேண்டாம். யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும் எதையாவது வாங்கு, கீபோர்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

விலையைப் பார்த்து மனம் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், பேட்டரியை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கி வைக்கும்படி விற்பவரிடம் சொல். பயாஸில் அடாப்டர் எத்தனை வாட் என்று தெரிகிறதா பார். விண்டோஸுக்கு வந்ததும் சார்ஜ் ஏறும்போதே முனையருகில் வயரை மெதுவாக அசை. ஏறுவது நின்றால் அடாப்டரின் விலையைக் கழித்துப் பேசு. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடு.