பூகம்பத்தில் கம்பம் எங்கே வந்தது? இணையத் தமிழ் லெக்சிகன்: ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்தில் பேச்சில் 'பூகம்பம்'. எல்லை தாண்டிய மலையாளத்திலும் அதே சொல். நாளிதழில் 'நிலநடுக்கம்'. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தமிழ் லெக்சிகன்' என்ற அகராதியின் இணையப் பதிப்பைச் சோதிக்க இந்த இரண்டு சொல்லே போதும். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது, காசு இல்லை.

முதலில் பூகம்பம். பூ என்றால் பூமி, கம்பம் என்றால் நடுக்கம், இரண்டும் வடமொழி. கொடிக்கம்பம், மின்கம்பத்தை நினைத்து 'பூமியைத் தாங்கும் தூண் ஆடுவது' என்று விளக்குவோர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு. தூணைக் குறிக்கும் கம்பம் 'ஸ்கம்ப' என்ற வேறு சொல்லின் வழி வந்தது. ஒரே எழுத்தில் வரும் இப்படிப்பட்ட சொற்களை லெக்சிகன் எண் போட்டுத் தனித்தனியாக வைக்கும்; முதல் பதிவோடு மூடிவிடாமல் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். '<' குறிக்குப் பின்னால் இருப்பதே மூலச்சொல். கர்நாடக இசையில் 'கம்பிதம்' என்று ஒரு கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறை) இருக்கிறதே, அதுவும் இந்த நடுக்கம்தான்.

நிலநடுக்கத்துக்கு 'நடுங்கு' என்ற வினையைத் தேடுங்கள். 'நடுங்கினான்' என்று தட்டினால் தலைச்சொல்லாகக் கிடைக்காது. ங் இருந்த இடத்தில் க் வந்து நடுக்கம் ஆகிறது: அடங்கு-அடக்கம், முழங்கு-முழக்கம் மாதிரி. கன்னட 'நடுகு' போன்ற உறவுச் சொற்களை விரிவாகப் பார்க்க அதே தளத்தில் பரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி உண்டு. ரோமன் எழுத்தில் படிப்பவர்கள் கவனிக்க: 't' எழுத்தின் அடியில் புள்ளி இருந்தால் ட, இல்லாவிட்டால் த. சின்னத் திரையில் அந்தப் புள்ளி கண்ணில் படாது, பெரிதாக்கியே பாருங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு கூடுதல் லாபம்: இங்குள்ள நாஞ்சில் நாட்டு வழக்குகளுக்கு 'Nāñ.' என்று தனிக்குறி போட்டிருக்கிறார்கள்.

குறை, வயதுதான். ஆறு தொகுதிகளும் 1936-லேயே முடிந்துவிட்டன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குளச்சலிலும் மணக்குடியிலும் குழந்தைக்கும் தெரிந்த 'சுனாமி'யை அதில் தேடிப் பயனில்லை. அது ஜப்பானியச் சொல்: 'சு' துறைமுகம், 'நாமி' அலை. அதற்கு வேறு அகராதிதான் எடுக்க வேண்டும்.